பீப்பாய் செய்தவர் பங்கு

2018-இல் நியூயார்க் சோதபீஸ் ஏலத்தில் 1945-ஆம் ஆண்டு ரொமானே-கோந்தி ஒயின் ஒரே ஒரு புட்டி 5,58,000 டாலருக்குப் போனது. 1945-இல் பிரான்சின் பர்கண்டியிலுள்ள ரொமானே-கோந்தி தோட்டத்தில் கிடைத்ததே சுமார் 600 புட்டிதான். பர்கண்டி பீப்பாய் 228 லிட்டர் பிடிக்கும். கணக்குப் போட்டால் இரண்டே பீப்பாய். அறுவடை முடிந்ததும் கிழட்டுக் கொடிகளைப் பிடுங்கிவிட்டார்கள். அடுத்த ஒயின் 1952-இல்தான் வந்தது. அதனால் விலை ஏறியது புரிகிறது. அந்த இரண்டு பீப்பாயை யார் செய்தார் என்று கேட்டவர்தான் இல்லை.

திஜோனில் குடியிருக்கும் புதுச்சேரி நண்பர் ஒருவர், பர்கண்டியின் போன் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பீப்பாய்ப் பட்டறைக்கு அழைத்துப் போனார். முற்றத்தில் ஓக் பலகைகள் அடுக்கடுக்காக மழையில் நனைந்துகொண்டிருந்தன. இரண்டு, மூன்று வருடம் இப்படியே கிடந்து துவர்ப்பு போக வேண்டுமாம். பிரெஞ்சு ஓக்கை ரம்பத்தால் அறுத்தால் ஒயின் கசியும். நார்வாட்டத்திலேயே பிளக்க வேண்டும். அதனால் மரத்தில் பெரும்பகுதி கழிவாகப் போகிறது. ஈரப்பதம் அளக்கும் கருவியைப் பற்றி ஓர் இளைஞர் நெடுநேரம் விளக்கினார். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை.

ஒட்டியது, அறுபதை நெருங்கிய ஒரு தொழிலாளியின் கையிலிருந்த ‘ஷாஸ்’. நுனியில் பள்ளம் வைத்த இரும்பு, மரப்பிடி. இரும்பு வளையத்தின் விளிம்பில் அதை நிறுத்தி, மேலே சுத்தியலால் அடித்து, பீப்பாயைச் சுற்றிச் சுற்றி நடக்கிறார். உள்ளே தீ எரிகிறது. சூட்டில் பலகை வளைய, வளையம் இறுக, பட்டறையெங்கும் ரொட்டி சுடும் வாசனை. கோந்து கிடையாது. மூடி உட்காரும் பள்ளத்தில் மாவும் தண்ணீரும் குழைத்துப் பூசுவதோடு சரி.

“எப்ப நிறுத்தணும்னு எப்படித் தெரியுது, ஐயா?” நண்பர் மொழிபெயர்த்தார்.

“சத்தம் மாறும்.”

பதினைந்து வயதில் பட்டறைக்கு வந்தவர். அந்தச் சத்தத்திலேயே ஒரு காது மந்தமாகிவிட்டது. ரொமானே-கோந்தி குடித்திருக்கிறீர்களா என்றேன். “இங்கேயிருந்து பீப்பாய் காலியாத்தானே போகுது” என்று சிரித்தார்.

புதுப் பீப்பாய் விலை ஆயிரம் யூரோவை ஒட்டி. அதில் 300 புட்டி நிரம்பும். தோட்டத்திலிருந்து வியாபாரிக்கு, அங்கிருந்து சேகரிப்பாளருக்கு, பிறகு ஏலத்துக்கு என்று கைமாறும்போதெல்லாம் விலை ஏறுகிறது. ஏறிய லாபத்தில் கொடியைக் கவாத்து செய்தவருக்கும் பீப்பாய் அடித்தவருக்கும் ஒரு சல்லிக்காசு இல்லை. பல புட்டிகள் ஜெனீவா சுங்கக் கிடங்கில் திறக்கப்படாமலே கைமாறுகின்றன. குடிக்காத ஒயினில் என்ன ருசியைக் கண்டார்கள்? வீட்டிலேயே மலிவு ஒயினைக் கலந்து பழைய லேபிள் ஒட்டிப் பணக்காரர்களை ஏமாற்றிய ரூடி குர்னியவானுக்கு 2014-இல் அமெரிக்க நீதிமன்றம் பத்தாண்டு சிறை கொடுத்தது. லேபிளைப் பார்த்துப் பணம் கொட்டுகிறவர்களிடம் லேபிளை விற்றான், அவ்வளவுதான்.

அதே போன் நகரில் 1443-இல் தொடங்கிய தர்ம மருத்துவமனை, ஒவ்வொரு நவம்பரிலும் தன் தோட்டத்து ஒயினைப் பீப்பாயோடு ஏலம் விடுகிறது. பணம் மருத்துவத்துக்கும் அறப்பணிக்கும் போகிறது. ஏலம் என்றாலே கொள்ளை என்று சொல்ல வரவில்லை.

பிரான்சில் 1920-லேயே ஒரு சட்டம் வந்தது: ஓவியம் ஏலத்தில் மறுவிற்பனையாகும்போது ஓவியருக்கு ஒரு பங்கு உண்டு. ஒயின் ஒரு கலை என்று மேடைதோறும் பேசும் அந்த நாடு, அந்தப் பங்கைத் தோட்டத்துக்கும் பட்டறைக்கும் நீட்டித்தே ஆக வேண்டும்.