பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாமா, வேண்டாமா?

ஒரு வீட்டில் குழந்தைக்கு அம்மை போட்டால், அதைப் பள்ளிக்கூடம் அனுப்பலாமா வேண்டாமா என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. வாசலில் வேப்பிலை சொருகிவிடுவார்கள். மூன்று தண்ணீர் ஊற்றும் வரை பிள்ளை வீட்டில்தான். ஏன் வரவில்லை என்று ஆசிரியர் கேட்கமாட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலிலேயே நின்று விசாரித்துவிட்டுப் போய்விடுவார்கள். 'மெட்ராஸ் ஐ' வந்தாலும், பொன்னுக்கு வீங்கி வந்தாலும் ஏறக்குறைய இதே கதைதான். நோய் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் முடிவும் சுலபம்.

இதை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. சின்னம்மைக் கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை அடுத்தவருக்குத் தொற்றும் என்கிறது மருத்துவம். மூன்று தண்ணீர்க் கணக்கும் ஏறக்குறைய அங்கேதான் வந்து நிற்கிறது.

கொரோனா வந்தபோது இந்த வேப்பிலைக் கணக்கு தவறிப்போனது. இருமல் இல்லாதவர், காய்ச்சல் இல்லாதவர், நன்றாக ஓடியாடித் திரிகிறவர் கூட அதைப் பரப்பலாம். அப்படியானால் எந்த வாசலில் வேப்பிலை கட்டுவது? தெரியாததால் எல்லா வாசலிலும் கட்டினார்கள். அதற்கு ஊரடங்கு என்று பெயர்.

2020 மார்ச் மாத நடுவில் தமிழ்நாட்டில் பள்ளிகள் மூடப்பட்டன. அப்போது யாரும் அதைத் தவறு என்று சொல்லவில்லை. நோயைப் பற்றி ஒன்றும் தெரியாதபோது கதவைச் சாத்துவதுதான் புத்திசாலித்தனம். கஷ்டம் பின்னால் வந்தது. சாத்திய கதவை எப்போது திறப்பது? திறந்தால் பிள்ளையை அனுப்புவதா? இந்தக் கேள்வி கடைசியில் அரசாங்கத்தின் கையிலிருந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

திருப்பூரில் ஒரு குடும்பம். அம்மா பனியன் கம்பெனியில் டெய்லர், ஓவர்லாக் மிஷின். அப்பா மினி டெம்போ ஓட்டுகிறார். மூத்தவள் அப்போது பத்தாம் வகுப்பு, சின்னவன் மூன்றாம் வகுப்பு. அம்மாவைப் பெற்ற பாட்டியும் கூடத்தான் இருக்கிறார். பிள்ளைகளுக்கு அவர் அம்மாயி. வயது எழுபதைத் தாண்டிவிட்டது, சர்க்கரை வேறு. இருப்பது லைன் வீடு. ஒரு ஹால், ஒரு சமையலறை. எட்டு வீட்டுக்குச் சேர்த்து வெளியே இரண்டு குளியலறை, ஒரு தண்ணீர்க் குழாய்.

2020 நவம்பர் 9-ஆம் தேதி, ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை திறக்கலாமா என்று பெற்றோர்களிடம் கருத்துக் கேட்டார்கள். அந்த அம்மாவும் அரை ஷிப்ட் போனாலும் பரவாயில்லை என்று பள்ளிக்குப் போய், 'வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். நவம்பர் 16-ல் திறப்பதாக இருந்த திட்டம் தள்ளிப்போனது. மனது நிம்மதியாயிற்று. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்! அதே வாரம் நவம்பர் 10-ஆம் தேதி தமிழ்நாட்டில் தியேட்டர்களைத் திறந்துவிட்டார்கள்.

2021 ஜனவரியில் மறுபடி கேட்டார்கள். இந்த முறை பத்தும் பன்னிரண்டும் மட்டும். ஜனவரி 19 முதல் வகுப்பு. ஓர் அறைக்கு 25 பேர், முகக்கவசம், சத்து மாத்திரை. கூடவே ஒரு நிபந்தனை: பெற்றோர் இசைவுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும்.

அந்தக் காகிதம் இரண்டு நாள் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது.

மகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்பது அல்ல அந்த அம்மாவின் பயம். சின்ன வயதுக்காரர்களை அது பெரும்பாலும் லேசாகத்தான் தொட்டுவிட்டுப் போகிறது என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பயம் அம்மாயியைப் பற்றி. பள்ளிக்குப் போகிறவள் ஒருத்தி, ஆபத்து வருவது இன்னொருத்திக்கு. போகாவிட்டால் நஷ்டம் மறுபடி முதலாமவளுக்கு. ஒரே ஆளின் லாப நஷ்டமாக இருந்தால் எப்படியாவது முடிவு செய்துவிடலாம். பெற்ற மகளையும் பெற்ற தாயையும் தராசின் இரண்டு தட்டில் வைத்தால் முள்ளை யார் பார்ப்பது?

அம்மாயிதான் பேச்சை முடித்து வைத்தார். "எனக்கோசரம் அவ படிப்பு நிக்க வேண்டாஞ் சாமி. கையெழுத்தைப் போட்டுக் குடு."

"உனக்கு ஒண்ணுன்னா நா யாருகிட்டம்மா போயி நிக்கறது?"

இதற்கு அம்மாயி பதில் சொல்லவில்லை. கையெழுத்து விழுந்தது.

கையெழுத்து என்பது சாதாரண விஷயமா? வியாபாரத்தில் ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவர், அதில் உள்ளதைப் படித்துப் புரிந்துகொண்டார் என்று பொருள். இங்கே நிலைமை தலைகீழ். ஊரில் எத்தனை பேருக்குத் தொற்று, வகுப்பறையில் காற்றோட்டம் எப்படி, ஒரு பிள்ளைக்கு வந்தால் அடுத்த நாள் என்ன செய்வார்கள்... இதில் எதுவுமே கையெழுத்துப் போட்ட அம்மாவுக்குத் தெரியாது. எல்லாரையும் விடக் குறைவாகத் தெரிந்தவரிடம்தான் இசைவு வாங்கப்பட்டது.

வீட்டில் எதையும் தனியாகப் பிரிக்க முடியவில்லை. மகள் வந்ததும் குளித்துவிட்டு உள்ளே வரவேண்டும் என்று ஒரு சட்டம். அம்மாயியின் கட்டில் ஜன்னல் ஓரம் போனது. அவ்வளவுதான் முடிந்தது. ஐந்து வாரம் கழித்து, பிப்ரவரி 25-ஆம் தேதி, ஒன்பது, பத்து, பதினொன்று மூன்று வகுப்புக்கும் தேர்வு கிடையாது, எல்லோரும் பாஸ் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். மகள் கொஞ்சம் சிரித்தாள், கொஞ்சம் அழுதாள். மார்ச் மாதம் தஞ்சாவூர் மாவட்டப் பள்ளிகளில் மாணவர்களுக்குத் தொற்று பரவியது. மார்ச் 22 முதல் அந்த வகுப்புகளும் மறுபடி மூடப்பட்டன. ஆகவே பள்ளிக்கூடத்தில் பரவவே பரவாது என்று சொன்னால் அது உண்மையல்ல.

ஆனால் அந்த வீட்டுக்கு நோய் வந்தது ஏப்ரல் கடைசியில். பள்ளி மூடி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. முதலில் அப்பாவுக்குக் காய்ச்சல், அப்புறம் அம்மாவுக்கு, நான்காம் நாள் அம்மாயிக்கு. பிள்ளைகளுக்கு லேசான சளியோடு சரி. அம்மாயி அரசு மருத்துவமனையில் ஒன்பது நாள் ஆக்சிஜனில் இருந்தார். பிழைத்து வந்தார். பழைய நடை வரவில்லை, ஆனாலும் வந்துவிட்டார். நோய் எங்கிருந்து வந்தது? கம்பெனியா, சரக்கு இறக்கிய குடோனா, எட்டு வீட்டுப் பொதுக்குழாயா... கடைசிவரை தெரியவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை என்பது மட்டும் தெரிந்தது. தன் கையெழுத்தால் வந்தது அல்ல என்பதில் அந்த அம்மாவுக்கு ஒரு ஆறுதல். அந்த ஆறுதலை நினைத்து ஒரு வெட்கமும் கூட.

இங்கே ஒன்றை யோசிக்க வேண்டும். பள்ளியை மூடினால் பிள்ளை வீட்டுக்குள் பத்திரமாக இருக்கும் என்பது, தனி அறையும் தனிக் குளியலறையும் உள்ளவர்களின் கணக்கு. லைன் வீட்டுப் பிள்ளைகள் பகல் முழுக்க ஒன்றாகத்தான் விளையாடின. பெரியவர்கள் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். மூடியது பள்ளிக்கூடம் மட்டும்தான்.

இது புதுச் சிந்தனையும் அல்ல. 1918-ல் உலகத்தையே உலுக்கிய இன்ஃபுளுவென்சா காய்ச்சலின்போது அமெரிக்காவில் பெரும்பாலான நகரங்கள் பள்ளிகளை மூடின. நியூயார்க் மூடவில்லை. அந்நகரின் சுகாதார ஆணையர் ராயல் கோப்லேண்டும், குழந்தைகள் நலப் பிரிவின் தலைவர் டாக்டர் ஜோசஃபின் பேக்கரும் சொன்ன காரணம் எளிமையானது. நகரத்தின் பிள்ளைகளில் பெரும்பாலோர் இருட்டும் நெரிசலுமான குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். அங்கே அடைந்து கிடப்பதைவிட வெளிச்சமும் காற்றும் உள்ள பள்ளிக்கு வருவது மேல். வந்தால் தினமும் காலையில் ஒவ்வொரு பிள்ளையையும் பரிசோதிக்கலாம், உடம்பு சரியில்லாதவர்களை உடனே பிரித்துவிடலாம் என்றார்கள். அந்த நோய் வேறு, இந்த நோய் வேறு. நியூயார்க் செய்ததையே திருப்பூரும் செய்திருக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. 'பள்ளி ஆபத்தா?' என்று மட்டும் கேட்காமல் 'எதைவிட ஆபத்து?' என்று அவர்கள் கேட்டார்கள். நாம் கேட்க மறந்தது அதைத்தான்.

இனி சின்னவன் கதை. 2020 மார்ச்சில் அவன் இரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசிப்பான். அதன் பிறகு அவனுக்குப் பள்ளி என்றால் வீட்டில் இருந்த ஒரே செல்போன். அதுவும் பகலில் அப்பாவோடு டெம்போவில் போய்விடும். கல்வித் தொலைக்காட்சி ஓடும், அவன் சேனலை மாற்றிவிடுவான். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. அதாவது பத்தொன்பது மாதத்துக்கும் மேல்!

அதற்குக் கொஞ்ச நாள் முன்பு பஸ் ஸ்டாப்பில் அம்மா அவனிடம், "அந்த பஸ்ஸு எங்க போகுதுன்னு படி கண்ணு" என்றார். பலகையில் 'அவிநாசி' என்று பெரிதாக எழுதியிருந்தது. அவன் "அ... வி..." என்று நிறுத்தி, பஸ்ஸின் நிறத்தைப் பார்த்து, "பல்லடம்" என்றான். இரண்டாம் வகுப்பில் படித்த எழுத்தும் போய்விட்டது. அம்மாவுக்கு அந்த பஸ்ஸில் ஏறவே மனம் வரவில்லை.

கணக்குப் பதிவியலில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. மிஷின் வாங்கிப் போட்டால், ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடா வருடம் அதன் மதிப்புக் குறையும். அதற்கு யாரும் பில் கொடுக்கமாட்டார்கள், பணம் கையை விட்டுப் போகாது. ஆனாலும் ஏட்டில் அதை நஷ்டமாக எழுதியே ஆகவேண்டும். எழுதாமல் விட்டால் கணக்கு அழகாக இருக்கும், ஆனால் அது பொய்க் கணக்கு. பள்ளி மூடிய நாட்களில் எல்லா வீடும் இப்படி ஒரு பொய்க் கணக்கைத்தான் வைத்திருந்தது. தினமும் காலையில் பேப்பரில் தொற்று எண்ணிக்கை வந்தது, இறப்பு எண்ணிக்கை வந்தது. இன்றைக்கு எத்தனை பிள்ளைகள் எழுத்தை மறந்தார்கள் என்று எந்தப் பேப்பரிலும் வரவில்லை. பிறகுதான் தெரிந்தது. மூன்றாம் வகுப்பில் படிப்பவர்களில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2018-ல் இந்தியக் கிராமப்புறங்களில் 27.3 சதவீதம். 2022-ல் அது 20.5 சதவீதம். இது 'ஏசர்' ஆய்வின் கணக்கு. ஏற்கெனவே கம்மியாக இருந்தது, இன்னும் கம்மியாகிவிட்டது.

நவம்பர் 1 திறப்பின்போது சிறுவர்கள் கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லவில்லை. பெற்றோர் விருப்பம்தான். குழந்தைகளுக்குத் தடுப்பூசியும் அப்போது வரவில்லை. ஆனால் வீட்டில் பெரியவர்கள் மூவரும் போட்டிருந்தார்கள். இந்த முறை அம்மா காகிதத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்கவில்லை. முதல் நாளே அனுப்பினார். சாயங்காலம் 'இல்லம் தேடிக் கல்வி' வகுப்பு வந்ததும் அங்கேயும் அனுப்பினார். 2022 ஜனவரியில் ஒமிக்ரான் வந்து மறுபடி மூடி, பிப்ரவரி 1-ல் திறந்தபோதும் அனுப்பினார்.

இதில் எந்த முடிவு சரி? 2020 நவம்பரில் 'வேண்டாம்' என்றதும் சரிதான், ஒரு வருடம் கழித்து 'சரி' என்றதும் சரிதான். கேள்வி ஒன்றுதான். கேட்கும் காலம் மாறினால் பதிலும் மாறவேண்டும். ஒருமுறை முடிவெடுத்துவிட்டு அதையே பிடித்துக்கொண்டிருப்பதுதான் தவறு. இன்னொரு தொற்று வரும்போது, அது கொரோனாவோ வேறு எதுவோ, பெற்றோர் கேட்டுக்கொள்ள வேண்டியவை இவை:

1. வீட்டில் யாருக்கு ஆபத்து அதிகம்? அவருக்குத் தடுப்பூசி முதலிய பாதுகாப்பு ஏதாவது உண்டா?

2. பிள்ளை வீட்டில் இருந்தால் நிஜமாகவே விலகித்தான் இருக்குமா, அல்லது தெருவில் விளையாடுமா?

3. வகுப்பறை ஜன்னல் திறந்திருக்கிறதா? உடம்பு சரியில்லாத பிள்ளையைப் பள்ளி திருப்பி அனுப்புகிறதா?

4. ஒரு வாரம் போகாவிட்டால் என்ன போகும்? ஒரு வருடம் போகாவிட்டால்? அதை யார் ஈடுகட்டுவார்கள்?

பிள்ளைக்கே காய்ச்சல் என்றால் இந்தக் கேள்வி எதுவும் வேண்டாம். அனுப்பக்கூடாது. ஆனால் நடப்பது என்ன? பாராசிட்டமால் ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். காரணம் அலட்சியம் மட்டுமல்ல. நூறு சதவீத வருகைக்குப் பரிசு கொடுக்கும் பள்ளிகள் இருக்கின்றன. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் வீட்டில் இருந்தால் ஷிப்ட் சம்பளம் போகிற வேலைகள் இருக்கின்றன. பெற்றோரிடம் கையெழுத்துக் கேட்கிறவர்கள் இந்த இரண்டையும் சரிசெய்தால், கையெழுத்தே தேவைப்படாது.

வேப்பிலை கட்டுவது தன் வீட்டுக்காக மட்டும் அல்ல, தெருவில் போகிறவருக்காகவும்தான். அந்த வழக்கத்தில் மிச்சம் வைத்துக்கொள்ள வேண்டியது அதுதான்.

பள்ளி மறுபடி திறந்த அந்தப் பிப்ரவரியில் சின்னவனுக்குச் சளியும் காய்ச்சலும் வந்தன. அம்மா மூன்று நாள் ஷிப்டை விட்டுவிட்டு அவனை வீட்டிலேயே வைத்துக்கொண்டார். இந்த முறை எந்தக் காகிதமும் வரவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை. நான்காம் நாள் அவன் பை தூக்கிக்கொண்டு கிளம்பிப் போனான்.