செம்பாக்கம்: சாவி இல்லாத கார்களும் ஏரிக்கரைத் தெருக்களும்

கிழக்குத் தாம்பரத்திலிருந்து வேளச்சேரி சாலையைப் பிடித்தால் சேலையூர், கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம் தாண்டி வருகிறது செம்பாக்கம். திருப்போரூர் பக்கம் இன்னொரு செம்பாக்கம் உண்டு, இது வேறு. நகராட்சியாக இருந்த இந்த ஊர், 2021-ல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. ஏரியும் வயலுமாக இருந்த இடத்தில் இன்று தெருவுக்குத் தெரு அடுக்குமாடி வீடுகள். அவற்றின் தரைத்தளத்தில் தூண்களுக்கு நடுவே வரிசையாகக் கார்கள்.

கார் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் தொழிற்சாலைகள் அதிக தூரத்தில் இல்லை. புதிதாக வந்திருப்பது ஸ்டார்ட் பட்டன்தான். அம்பாசடர் காலத்துத் தாத்தாக்களுக்கு முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்றிய நினைவு இருக்கும். அந்தச் சிரமத்தைத் தீர்க்க சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின்சார ஸ்டார்ட்டர், 1912-ம் ஆண்டின் காடிலாக் கார்களில் வந்தது. பிறகு பல பத்தாண்டுகள் சாவி. இப்போது சாவி பாக்கெட்டிலேயே இருக்க, ஒரு விரல் போதும்.

பட்டன் என்ன செய்கிறது?

ஆட்டோமேட்டிக் கார் என்றால் பிரேக், கியர் கார் என்றால் பெரும்பாலும் கிளட்ச். அதை மிதித்துக்கொண்டு அழுத்தினால்தான் எஞ்சின் ஓடும். மிதிக்காமல் அழுத்தினால், பெரும்பாலான கார்களில் முதல் அழுத்தத்துக்கு ரேடியோ மட்டும், இரண்டாவதுக்கு மீட்டர் விளக்குகள், மூன்றாவதுக்கு எல்லாம் அணையும். ‘கார் கெட்டுப்போச்சு’ என்று பதறுவோரில் பலர் பிரேக்கை அழுத்தி மிதிக்காதவர்கள்தான்.

ரிமோட் சாவியின் பேட்டரி தீர்ந்துவிட்டதா? அதற்குள் மறைந்திருக்கும் சிறிய உலோகச் சாவியால் கதவைத் திறக்கலாம். பிறகு ரிமோட்டைப் பட்டனோடு ஒட்டிவைத்து அழுத்தினால் பல மாடல்கள் ஸ்டார்ட் ஆகும். ஓடும் காரை அவசரத்தில் அணைக்க ஒரு தட்டு போதாது. சில விநாடிகள் விடாமல் அழுத்த வேண்டும். எஞ்சின் அணைந்ததும் ஸ்டியரிங்கும் பிரேக்கும் கனக்கும் என்பதையும் வீட்டில் ஓட்டுகிற எல்லோரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இன்னொன்று. சாவி பாக்கெட்டில் இருப்பதால், எஞ்சினை அணைக்காமலே இறங்கிப் போய்விட முடியும். அமெரிக்காவில் மூடிய கேரேஜில் இப்படி ஓடிக்கொண்டிருந்த கார்களின் புகையால் உயிர்கள் போயிருக்கின்றன. இறங்கும் முன் மீட்டர் விளக்குகள் அணைந்தனவா என்று ஒரு பார்வை பார்த்தால் போதும்.

ஸ்பானர் படம் வந்தால்...

ஒருநாள் மீட்டரில் ஸ்பானர் படமோ ‘சர்வீஸ்’ என்ற எழுத்தோ தோன்றும். இது கோளாறு அல்ல, நாள்காட்டி. பல கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது கணக்கு. தெருமுனை ஷெட்டில் ஆயில் மாற்றிய பிறகும் இது போகவில்லை என்றால் மெக்கானிக்கைச் சந்தேகிக்க வேண்டாம். மாற்றியது காருக்குத் தானாகத் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

சொல்வது எளிது. பிரேக்கை மிதிக்காமல் பட்டனை இரண்டு முறை அழுத்தி மீட்டரை உயிர்ப்பியுங்கள். எஞ்சின் ஓடக் கூடாது. திரை உள்ள கார்களில் ஸ்டியரிங் பட்டன்கள் மூலம் செட்டிங்ஸுக்குள் போய், சர்வீஸ் பகுதியில் ‘ஓகே’யைச் சில விநாடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். பழைய மாடல்களில் ட்ரிப் பட்டனைப் பிடித்தபடியே மீட்டரை உயிர்ப்பித்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும். மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் காரோடு வந்த கையேட்டைப் பார்த்துச் செய்யுங்கள்.

ஆயில் மாற்றாமலே ரீசெட் செய்வது, மருந்து சாப்பிடாமல் சீட்டைக் கிழித்துப் போடுவது போல. விற்பனைக்கு வரும் பழைய காரில் ‘சர்வீஸுக்கு இன்னும் 9,000 கிலோமீட்டர்’ என்று காட்டினாலும், பில்லைக் கேட்டுப் பாருங்கள். சிவப்பாக எரியும் எண்ணெய்க் குடுவைப் படம் வேறு விஷயம். அது வந்தால் காரை உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணைக்க வேண்டும். ரீசெட் பேச்சே கிடையாது.

கேம்ப் ரோடு சிக்னலில் கால் மணி நேரம் நின்றால் எஞ்சின் ஓடுகிறது, கிலோமீட்டர் ஓடுவதில்லை. தாம்பரம் ஸ்டேஷன் வரை போய்த் திரும்பும் கார்களுக்கு அதனால் கிலோமீட்டரை நம்பாமல், வருடக் கணக்கைப் பிடித்துக்கொள்வதே நல்லது.

மழை வந்தால் விரலை அடக்குங்கள்

செம்பாக்கம் ஏரி நிரம்பினால் தண்ணீர் நன்மங்கலம் ஏரிக்குப் போகிறது; ஏரி ஏரியாகத் தாண்டிக் கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சேர்கிறது. வழியெல்லாம் வீடுகள் வந்துவிட்டன. தண்ணீர் பழைய வழியை மறக்கவில்லை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தென்சென்னைப் புறநகர் முழுக்கக் கார்கள் நீரில் நின்றன.

அப்படி நின்ற காரில் பலர் முதலில் செய்வது, ‘ஓடுதா பார்ப்போம்’ என்று பட்டனை அழுத்துவது. காற்று போகும் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் ஆபத்து அங்கேதான். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. மேலே வரும் பிஸ்டன் தண்ணீரில் மோதி, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாவி என்றால், கை தடங்கலை உணர்ந்ததும் விட்டுவிடலாம். பல பட்டன் கார்களிலோ ஒருமுறை அழுத்தினால் போதும், எஞ்சின் பிடிக்கும்வரை கார் தானே சுற்றிப் பார்க்கும்.

இந்தச் சேதத்துக்குச் சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசிகள் பலவற்றில் பணம் கிடைக்காது. எஞ்சினுக்கான கூடுதல் பாதுகாப்பு எடுத்திருக்க வேண்டும். ஆகவே வெள்ளம் தொட்ட காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். தண்ணீர் வடிந்ததும் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றச் சொல்லி, காரை ஏற்றிக்கொண்டு ஷெட்டுக்கு அனுப்புங்கள். ஆயில் குச்சியில் பால் கலந்த காபி நிறம் தெரிந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். அப்போதும் மீட்டர், ‘சர்வீஸுக்கு இன்னும் 4,000 கிலோமீட்டர்’ என்றுதான் சொல்லும். அதற்கு கிலோமீட்டர் தெரியும், நாள் தெரியும். தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பது செம்பாக்கத்துக்காரர்களுக்குத்தான் தெரியும்.