முதல் டிகாக்ஷன்

காப்பி சுவையாக அமையாத நாளில் பொடியைக் குறை கூறுவதே பெரும்பாலான வீடுகளில் வழக்கம். சேலம், நாமக்கல் சமவெளியில் வாழ்கின்ற நாம் முதலில் ஐயுற வேண்டியது பொடியை அன்று, தண்ணீரை. பாறையைத் துளைத்துப் பல நூறு அடி ஆழத்திலிருந்து நாம் மேலே கொண்டுவரும் நீரில் சுண்ணாம்பும் பிற உப்புகளும் கரைந்து கிடக்கின்றன. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்து, தேய்த்தாலும் போகாத அந்த உப்புத்தான் காப்பிக்கு இயல்பாக உள்ள மெல்லிய புளிப்பை அடக்கிச் சுவையை மந்தமாக்கி விடுகிறது. அதே பொடியைக் காவிரித் தண்ணீரில் இறக்கிப் பாருங்கள். வேறு கடையில் வாங்கியதோ என்று தோன்றும். மோகனூரிலும் பரமத்தி வேலூரிலும் காவிரிக் கரையில் உறவு வைத்திருப்பவர்கள் அங்குக் குடித்த காப்பியைப் பற்றி ஊர் திரும்பியும் பேசிக் கொண்டிருப்பதற்கு இதுவே காரணம். உள்ளூர்க் குழாயில் ஆற்று நீர் வரும் நாளில் ஒரு குடத்தைக் காப்பிக்கென்று ஒதுக்கி வைப்பது கஞ்சத்தனம் ஆகாது.

கொட்டைக்காக நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1820-களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்பவர் சேர்வராயன் மலையில் காப்பிச் செடியை நடச் செய்தார். ஏற்காட்டுத் தோட்டங்களின் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது. கொல்லிமலையிலும் சிறு உழவர்கள் மிளகோடும் வாழையோடும் பலாவோடும் காப்பியை வளர்க்கிறார்கள். கோடையின் முதல் மழைக்குப் பின் சில நாள்களில் தோட்டம் முழுவதும் ஒரே வேளையில் வெள்ளையாகப் பூக்கும். மல்லிகையை நினைவூட்டும் மணம். இரண்டு மூன்று நாள்களில் அந்தக் காட்சி முடிந்து விடும். மழை நீடித்துவிட்டாலோ தவறிவிட்டாலோ அந்த ஆண்டு விளைச்சலும் அதனோடு போய்விடும். பழம் சிவந்து பறிப்புக்கு வரும்போது பெரும்பாலும் திருவருகைக் காலம் வந்துவிடும். ஒரு பழத்திற்குள் பொதுவாக இரண்டு விதைகள், ஒன்றையொன்று தட்டையான பக்கத்தால் தழுவிக் கொண்டிருக்கும். சில பழங்களில் ஒரே விதை உருண்டையாக விளைவதும் உண்டு. அதைத்தான் பீபெர்ரி என்று தனியாகப் பொறுக்கி, விலை கூட்டி விற்கிறார்கள். உருண்டைக் கொட்டை சட்டியில் எல்லாப் பக்கமும் சீராக வறுபடும் என்பது மெய். மற்றபடி அதன் புகழில் பாதி நம் கற்பனை என்பது என் எண்ணம்.

வறுத்த கொட்டை தாங்கும். அரைத்த பொடி தாங்காது. அரைத்த சில நாள்களிலேயே மணம் பறந்து விடுகிறது. ஆகவே மாதச் சாமான்களோடு ஒரு கிலோவைச் சேர்த்து வாங்கி வைப்பதைக் காட்டிலும், கண்ணெதிரே அரைத்துத் தருகின்ற கடையில் நூறு கிராமாக வாங்கிக் காற்றுப் புகாத டப்பாவில் மூடி வைப்பதே சிறந்தது. சிக்கரி கலப்பதை இழிவாகப் பேசுவோர் உண்டு. சிக்கரி என்பது ஒரு செடியின் கிழங்கு. அதில் காப்பியின் ஊக்கப் பொருளான கஃபீன் கிடையாது. நிறத்தையும் கெட்டியையும் அது தருகிறது. ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் இருந்தால் பாலோடு நன்றாகவே சேரும். சட்டமோ பாதிக்குச் சற்றுக் குறைவாகச் சிக்கரி இருக்க இடம் தருகிறது. ஆனால் விகிதத்தைப் பொட்டலத்தின் மீது அச்சிட வேண்டும். அதைப் படிக்காமல் வாங்கிவிட்டு மருமகளைக் குறை கூறும் மாமியார்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பில்டரின் மேல் பாத்திரத்தில், நான்கு பேருக்கு மூன்று குவிந்த மேசைக் கரண்டிப் பொடி. குடைபோன்ற தட்டினால் மெதுவாகச் சமன் செய்ய வேண்டும். அழுத்திவிட்டால் நீர் இறங்காது. கொதித்து அடங்கிய நீரில் முதலில் இரண்டு கரண்டி மட்டும் ஊற்றிப் பொடி நனைந்து உப்புவதற்கு அரை நிமிடம் தர வேண்டும். பிறகு ஒரு தம்ளர் நீரை வட்டமாக ஊற்றி மூடிவிட வேண்டும். அதன்பின் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை, காத்திருக்க வேண்டும். தட்டுவதும் மூடியைத் திறந்து பார்ப்பதும் பொறுமையின்மையைத்தான் காட்டும். கால் மணி நேரமோ சற்றுக் கூடவோ ஆகும். இறங்கிய டிகாக்ஷனை அடுப்பில் நேராக வைத்துச் சுட வைத்தால் கசப்பு ஏறிவிடும். ஆறியிருந்தால் வெந்நீரில் பாத்திரத்தோடு வைத்துச் சூடாக்கலாம். பால் அப்போதுதான் பொங்கியதாக இருக்கட்டும். துளைகள் அடைபட்டுப் போனால் மேல் பாத்திரத்தை அடுப்புத் தழலில் காட்டி எடுத்தால் போதும்.

காலைக் காப்பிக்கும் கத்தோலிக்கருக்கும் நெடுநாள் ஒரு கணக்கு இருந்தது. என் தாயாரின் இளமையில் நற்கருணை உட்கொள்ள விரும்புகிறவர் நள்ளிரவு முதல் தண்ணீரும் அருந்தலாகாது. 1953-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் தண்ணீருக்கு விலக்கு அளித்தார். 1957-இல் உணவுக்கு மூன்று மணி நேரம், காப்பி முதலிய பானங்களுக்கு ஒரு மணி நேரம் என்று தளர்த்தினார். 1964-இல் ஆறாம் சின்னப்பர் எல்லாவற்றுக்கும் ஒரு மணி நேரம் என்று வகுத்தார். நற்கருணை உட்கொள்வதற்கு முன் ஒரு மணி நேரம் என்பதே சட்டம். திருப்பலிக்கு முன் ஒரு மணி நேரம் அன்று. முதியோருக்கும் நோயுற்றோருக்கும் அவர்களைப் பராமரிப்போருக்கும் அந்தக் கட்டுப்பாடும் இல்லை. இருந்தும் என் தாயார் கடைசிவரை வெறும் வயிற்றோடுதான் கோவிலுக்குச் சென்றார். ஆனால் புறப்படுமுன் பில்டரில் நீர் ஊற்றிவிட்டுத்தான் செல்வார். திரும்பி வரும்போது டிகாக்ஷன் இறங்கி முடிந்திருக்கும்.

அந்த முதல் டிகாக்ஷன் யாருக்கு என்பதில் வீட்டின் அரசியல் முழுவதும் அடங்கியிருந்தது. பாட்டனார், தந்தையார், விருந்தினர் ஆகியோருக்கு முதலாவது. அதே பொடியில் மீண்டும் நீர் ஊற்றி எடுத்த இரண்டாவது பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும். மூன்றாவது என்று ஒன்றும் உண்டு. பழுப்பு நிறத்து வெந்நீர் அது. வெல்லம் போட்டு, நிலத்தில் வேலை செய்தவர்களுக்கு அது போகும். கொல்லைப்புறத் தாழ்வாரத்தின் கூரையில் இரண்டு அலுமினியத் தம்ளர்கள் செருகப்பட்டிருக்கும். அவர்களே எடுத்து, அவர்களே கழுவி, அவர்களே செருகிவிட வேண்டும். அதற்கும் முந்திய தலைமுறையில் கொட்டாங்குச்சி. எங்களுடையது செபமாலை தவறாத வீடு. வேலை செய்தவர்களும் எங்கள் பங்கைச் சேர்ந்தவர்கள். அதே பந்தியில் நற்கருணை பெற்றவர்கள்.

இதைப் புதிய நோய் என்று யாரும் எண்ண வேண்டாம். 1623-இல் தத்துவ போதகரான இராபர்ட் தெ நோபிலி அடிகளார் சேந்தமங்கலத்திற்கும் சேலத்திற்கும் வந்தபோது நம் நாட்டில் காப்பி வழக்கத்தில் இல்லை. ஆனால் யார் சமைத்தது, யார் கையால் வாங்குவது என்ற கேள்வி இருந்தது. அதற்கு அஞ்சியே அவர் அந்தணர் சமைத்த மரக்கறி உணவை உண்டு துறவிபோல் வாழ்ந்தார். தாழ்த்தப்பட்டோரிடம் செல்வதற்குப் பின்னாளில் பண்டார சுவாமிகள் என்று தனி வகைக் குருக்களே ஏற்பட்டார்கள். அவர்களுடைய தியாகத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அன்று மறைபரப்புக்காக இடப்பட்ட கோடு நம் கல்லறைத் தோட்டங்களில் சுவராக எழுந்து நின்றதை யாரும் மறுக்க இயலாது. தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளையும் அக்கோட்டின் கிளைதான். தீண்டாமையை அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு ஒழித்ததும், 1955-இல் அதைக் குற்றமாக்கித் தனிச் சட்டம் வந்ததும் எங்கள் தாழ்வாரத்துக் கூரைக்கு எட்டவில்லை.

1974-இல் நிலக்கடலை பிடுங்கும் பருவத்தில் ஒரு நாள் பழைய பாத்திரம் வாங்குகிறவர் தெருவில் வந்தார். என் தாயார் ஓட்டை அண்டா ஒன்றோடு அந்த இரண்டு தம்ளர்களையும் போட்டுவிட்டு, காசுக்கு ஈடாக எவர்சில்வர் தம்ளர்கள் வாங்கிக் கொண்டார். அன்று மாலை முதல் டிகாக்ஷனிலேயே அனைவருக்கும் கலந்தார். வயல் வேலைக்கு வந்திருந்த வயதான பெண்மணி ஒருவர் அந்தத் தம்ளரைப் பார்த்துக் கையைப் பின்னுக்கு இழுத்துக் கொண்டார்.

“எனக்கு அந்தப் பழசே போதுங்க ஆத்தா. பெரியாத்தா பாத்தா உங்களைத்தானுங்க வையும்.”

“அது வித்தாச்சு. குடிங்க, ஆறிப் போகுது” என்று மட்டும் சொல்லிவிட்டு, தாயார் தம் தம்ளரையும் எடுத்து வந்து அதே திண்ணையில் அமர்ந்து குடித்தார். விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை. பாட்டியார் சில நாள் பேசவில்லை. பங்காளி வீட்டார் ஓர் ஆண்டுக்குமேல் எங்கள் வீட்டில் தண்ணீரும் தொடவில்லை. கல்லறைத் திருநாளன்று குடும்பக் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்ற வந்தபோதுகூடச் சற்று விலகியே நின்றார்கள். அவர்கள் திரும்பி வந்ததற்கு மனமாற்றம் காரணமா, ஒரு திருமணப் பேச்சு காரணமா என்று தீர்ப்புச் சொல்ல நான் முற்படவில்லை.

இன்று கடைகளில் காகிதக் குவளை வந்துவிட்டது. நெகிழி பூசிய குவளைகளைத் தமிழ்நாடு அரசு 2019 சனவரி முதல் தடை செய்த பிறகும் அவை மறைந்தபாடில்லை. சுற்றுச்சூழலை நினைத்து நாம் வருந்துகிறோம், நியாயம். ஆனால் அக்குவளை நமக்குச் செய்த மற்றோர் உதவியைப் பற்றி நாம் பேசுவதில்லை. ஒருவர் குடித்ததை மற்றொருவர் குடிக்க வேண்டிய தேவையே இல்லாதபோது, குடிப்போமா மாட்டோமா என்ற கேள்விக்கு யாரும் விடை கூற வேண்டியதில்லை. அனைவருக்கும் ஒரே குவளை; யாருக்கும் பொதுக்குவளை இல்லை. பங்குத் திருவிழாவின் அசனத்திலும் அவ்வாறே எளிதாகக் கடந்து விடுகிறோம்.

அதனால்தான் அன்பியக் கூட்டங்களை நான் பெரிதும் மதிக்கிறேன். அங்கே வீட்டுத் தம்ளரிலிருந்து தப்ப இயலாது. எங்கள் அன்பியம் முறைவைத்து வீடு வீடாகக் கூடுகிறது. காலனியில் உள்ள ஒரு வீட்டின் முறை ஆண்டுக்கு இரண்டு முறை வரும். அந்த வீட்டுச் சகோதரி கொல்லிமலைக் கொட்டையைத் தாமே வறுத்து அரைப்பவர். கூட்டத்தன்று விலைக்கு வாங்கிய குடிநீரில்தான் டிகாக்ஷன் இறக்குவார். எங்கள் பங்கில் அதற்கு இணையான காப்பியை நான் குடித்ததில்லை. முதல் முறை அங்குக் கூடியபோது ஒருவருக்குச் சர்க்கரை நோய், ஒருவருக்கு இப்போதுதான் குடித்த காப்பி, மற்றொருவருக்குச் சனிக்கிழமை ஒறுத்தல். பதினொரு தம்ளர்கள் வெளியே வந்தன. ஆறு நிறைந்தபடியே உள்ளே சென்றன. அவர் முகம் வாடாமல் அவற்றை எடுத்துச் சென்றதைப் பார்த்துக் கொண்டிருப்பது எளிதாக இல்லை.

சென்ற முறை பதின்மூன்று பேர் வந்திருந்தோம். சர்க்கரை நோய் உள்ளவர் சர்க்கரை இல்லாமல் கேட்டு வாங்கிக் குடித்தார். இரண்டு தம்ளர்கள் மட்டும் நிறைந்தபடி திரும்பின.