அட்டை அரண்மனையில் இரண்டு நாள்

சிவப்பு நிறப் பேருந்து. பக்கவாட்டில் கண்ணாடி கிடையாது. மைக் பிடித்த வழிகாட்டிப் பெண் இந்தியில் ஒரு முறையும் தெலுங்கில் ஒரு முறையும் சொல்கிறார்: "இடது பக்கம் பாருங்கள், அரண்மனை." ஐம்பது தலைகள் இடது பக்கம் திரும்புகின்றன. ஐம்பது செல்போன்கள் உயர்கின்றன. வலது ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் 78 வயதுப் பெரியவர் மட்டும் அசையவில்லை. பேருந்து வளைவில் திரும்பி, அரண்மனையின் முதுகுப்புறம் தெரியத் தொடங்கியதும்தான் அவர் கழுத்தை நீட்டிப் பார்க்கிறார். "முட்டு இரும்புல குடுத்திருக்கான்" என்று முணுமுணுக்கிறார். பக்கத்திலிருக்கும் பேரனுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஹைதராபாத்திலிருந்து விஜயவாடா செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி, அனாஜ்பூரில் பரந்து கிடக்கிறது ராமோஜி ஃபிலிம் சிட்டி. ஈநாடு நாளிதழின் அதிபர் ராமோஜி ராவ் 1996இல் தொடங்கியது. (2024 ஜூனில் அவர் காலமானார்.) வங்காளத்தைச் சேர்ந்த கலை இயக்குநர் நிதிஷ் ராயின் வடிவமைப்பு. 1,666 ஏக்கர், உலகிலேயே பெரிய படப்பிடிப்பு வளாகம் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்திருக்கிறது. கதையோடு உள்ளே போகும் தயாரிப்பாளர் முடிந்த படத்தோடு வெளியே வரலாம் என்பது ஆரம்ப காலத்திலிருந்தே இந்த இடத்தைப் பற்றிய பேச்சு. இப்போது தயாரிப்பாளர்களைவிட அதிகம் வருவது குடும்பங்கள்தான். காலையில் வந்து ரயில் நிலையம், மொகலாயத் தோட்டம், 'பாகுபலி' செட் என்று சுற்றிவிட்டு, வசதிக்கேற்ப வளாகத்துக்குள்ளேயே இருக்கும் சிதாராவிலோ தாராவிலோ இரவு தங்கலாம்.

செகந்திராபாத்தில் 17 ஆண்டுகளாக வசிக்கும் இந்தத் தமிழ்க் குடும்பமும் அப்படி ஒரு சனி, ஞாயிறுக்காக வந்திருக்கிறது. மகன் ஒரு மருந்து கம்பெனியில் கணக்கு அதிகாரி. மருமகள் பள்ளி ஆசிரியை. 14 வயதில் பேத்தி, 9 வயதில் பேரன். குழந்தைகளுக்கு ராட்டினங்கள் வேண்டும். பெரியவர்களுக்கு வேறு ஒரு காரியம் இருந்தது.

பெரியவரின் மனைவி இறந்து பத்து மாதங்கள் ஆகின்றன. சென்னை சாலிகிராமத்தில் இரண்டு அறை வீட்டில் அவர் தனியாக இருந்தார். ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கிவிட்டிருக்கிறார்கள். அதை அவர் சொல்லவில்லை. அவர்கள்தான் போன் செய்து சொன்னார்கள். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு இங்கேயே வந்துவிடுங்கள் என்று சொல்ல மகன் ஆறு முறை முயன்றார். ஆறு முறையும் பேச்சு மின்கட்டணத்திலோ கொய்யா மரத்திலோ போய் முடிந்தது. பொங்கலுக்கு அழைத்து வந்தாயிற்று. இனி ஊருக்குத் திரும்ப ஒரு வாரம்தான். "வீட்ல உட்கார்ந்து பேசினா நீங்க ரெண்டு பேரும் டிவியைத்தான் பார்ப்பீங்க. வெளியே எங்கயாவது கூட்டிட்டுப் போய்ச் சாவகாசமா பேசுங்க" என்றது மருமகளின் யோசனை. ஃபிலிம் சிட்டி என்று தேர்ந்தெடுத்தவன் பேரன். அது அப்பாவின் தொழிலோடு சம்பந்தப்பட்ட இடம் என்பது மகனுக்கு டிக்கெட் வாங்கிய பிறகுதான் உறைத்தது.

உறைக்காததற்குக் காரணம் உண்டு. பெரியவர் 1962இல், 16 வயதில் உளுந்தூர்பேட்டைப் பக்கமிருந்து வந்து, வடபழனியில் ஒரு ஸ்டுடியோவில் ஆசாரிகளுக்கு எடுபிடியாகச் சேர்ந்தார். பிறகு அவரே செட் ஆசாரி. பள்ளிக்கூடப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் மகன் 'சினிமா' என்று எழுதுவார். "எம்.ஜி.ஆரைப் பார்த்திருக்காரா?" என்று பையன்கள் கேட்பார்கள். உண்மையில் அவர் எம்.ஜி.ஆரைப் பார்த்ததைவிட, எம்.ஜி.ஆர். உட்காரப்போகும் நாற்காலியைப் பார்த்ததுதான் அதிகம். செட் வேலை பெரும்பாலும் ராத்திரியில். நட்சத்திரங்கள் காரில் வந்து இறங்கும்போது அவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். மகனுக்குப் பெண் பார்த்தபோது 'கலைத் துறையில் இருந்தவர்' என்று சொல்லப்பட்டது. மாமனார் ஓவியர் என்றே மருமகள் கல்யாணம் வரை நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தொழிலும் நிலைக்கவில்லை. 1977இல் வந்த '16 வயதினிலே' கர்நாடகத்தின் கொள்ளேகாலில் நிஜ கிராமத்தில் எடுக்கப்பட்டது. அதன் வெற்றிக்குப் பிறகு கேமராக்கள் வயல்வெளிக்கும் ஆற்றங்கரைக்கும் கிளம்பின. நிஜத் திண்ணை கிடைக்கும்போது பொய்த் திண்ணை எதற்கு? சென்னையை நம்பியிருந்த தெலுங்குப் படவுலகமும் மெல்ல ஹைதராபாத்துக்கு நகர்ந்தது. நாகேஸ்வர ராவின் அன்னபூர்ணா ஸ்டுடியோ அங்கே 1976இலேயே வந்துவிட்டது. பெரியவர் கண்காட்சி ஸ்டால்களுக்கும் கல்யாண மேடைகளுக்கும் பலகை அடிக்கப் போனார். ஜெமினி ஸ்டுடியோ இருந்த இடத்தில் இன்று நட்சத்திர ஓட்டல். விஜயா வாஹினியின் நிலத்தில் ஷாப்பிங் மால்.

பேருந்து நிற்கிறது. புராணக் கதைகளுக்கான செட். பேரன் ஓடிப்போய் ஒரு தூணைக் கட்டிப்பிடிக்கிறான். பெரியவர் நிதானமாக வந்து விரலை மடக்கித் தூணைத் தட்டுகிறார். உள்ளே வெற்றிடம் என்று சத்தம் சொல்கிறது.

"தாத்தா, இது பொய்யா?"

"ஃபைபர். எங்க காலத்துல ப்ளாஸ்டர்."

பேரனுக்கு அந்தப் பதில் போதவில்லை. அடுத்த ஒரு மணி நேரம் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் தட்டிக்கொண்டே வருகிறான், ஒரு நிஜ வேப்பமரம் உட்பட.

இரவு தாராவில் அறை. குழந்தைகள் அலுத்துத் தூங்கிவிட்டார்கள். மருமகள் கதவை லேசாகச் சாத்திக்கொண்டு வராந்தாவில் உலாவப் போகிறார். மகன் தொண்டையைக் கனைக்கிறார்.

"அப்பா... அந்த வீட்டு விஷயம்..."

மல்லாந்து படுத்திருக்கும் பெரியவரின் பார்வை கூரையில் இருக்கிறது. "ஜிப்சம் போர்டுடா. அந்த மூலையில ஜாயிண்ட் தெரியுது பாரு."

மகன் பார்க்கிறார். தெரியத்தான் செய்கிறது. அதற்கு மேல் அன்று பேச்சு நகரவில்லை. விளக்கை அணைத்துவிட்டு இரண்டு பேரும் வெகுநேரம் விழித்திருந்தார்கள் என்பது மறுநாள் காலை அவர்களின் கண்களில் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அமெரிக்கக் கௌபாய் பாணி சண்டைக் காட்சி. துப்பாக்கி வெடிக்கிறது, ஒருவன் மாடியிலிருந்து விழுகிறான், கூட்டம் கைதட்டுகிறது. காட்சி முடிந்து எழுந்தால் ஓர இருக்கையில் பெரியவர் இல்லை. கழிவறையில் இல்லை. தண்ணீர்க் குழாயருகே இல்லை. போன் அறையிலேயே சார்ஜில் கிடக்கிறது. பேத்தி ஒரு பக்கம், மருமகள் ஒரு பக்கம். வாரக் கடைசிக் கூட்டத்தில் வேட்டி கட்டிய ஒருவரைத் தேடுவது சுலபம் என்றுதான் தோன்றும். ஆனால் நாற்பது நிமிடங்கள் ஆயின. மகனின் மனதில் திரும்பத் திரும்ப வந்தது குளியலறையின் ஈரத் தரை.

அவரைக் கண்டுபிடித்தவன் பேரன். எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, "தாத்தா எப்பவும் பின்னாடிதானே பார்ப்பாரு" என்றான். முந்தின நாள் பார்த்த செட்டின் பின்புறம். சாரத்தின் நிழலில் இரண்டு பெயிண்டர்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். எதிரே பெரியவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருக்கிறார். தெலுங்கில்.

வடபழனியில் முதலாளி தெலுங்கு, மேஸ்திரி தெலுங்கு, பாதிப் படங்கள் தெலுங்கு. இருபத்தைந்து வருடத்தில் ஒட்டிக்கொண்ட பாஷை அது. 17 வருடங்களாக இந்த ஊரில் இருந்தும் ஆட்டோக்காரரிடம் இந்தியில் பேசும் மகனுக்கு அதில் பாதி புரியவில்லை. களிமண்ணில் உருவம் செய்வது, அதன்மேல் அச்சு எடுப்பது, பிளாஸ்டரில் சணல் நாரை முக்கி அச்சுக்குள் அழுத்துவது, அச்சு பிரியும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வது என்று கை காட்டிய சைகையிலிருந்து இவ்வளவும் புரிந்தது. பெயிண்டர்கள் அவரை 'மேஸ்திரி' என்கிறார்கள். மகன் திட்டுவதற்கென்று வாயைத் திறந்து, அப்படியே நிற்கிறார்.

பேச்சில் 'மேகுலு' என்று ஒரு வார்த்தை வருகிறது. ஆணிகள்.

அது புரிந்துவிட்டது. மகனுக்கு அப்போது ஆறு வயது. பன்னிரண்டு நாள் இரவு பகலாகப் போட்ட ஒரு தர்பார் மண்டபத்தைப் பற்றி அப்பா வீட்டில் சொல்லிச் சொல்லி, அம்மாவுக்குப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. யார் யாரிடமோ சொல்லி உள்ளே விட அனுமதி வாங்கினார். அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மகனையும் அழைத்துக்கொண்டு போனார். படப்பிடிப்பு ஒரு நாள் முன்னதாகவே முடிந்துவிட்டிருந்தது. காலையிலேயே செட்டைப் பிரித்துவிட்டார்கள். பிளாஸ்டர் சிங்கங்கள் குப்பை வண்டியில் கிடந்தன. அப்பா தரையில் உட்கார்ந்து ஆணி பொறுக்கிக்கொண்டிருந்தார். மறுபடி பிடுங்க வசதியாகத் தலையை முழுக்க இறக்காமல் அடிக்கப்பட்ட ஆணிகள். நிமிர்த்தி அடுத்த செட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவரும் உட்கார்ந்து பொறுக்கினார். மகனும் பொறுக்கினார். திரும்பும்போது பஸ்ஸில் அம்மாவின் விரல்களெல்லாம் துரு.

இதைத்தான் இந்த மனிதர் முன்பின் தெரியாத இரண்டு பேரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இளைய பெயிண்டர் சிரிக்கிறார். மூத்தவர் சிரிக்கவில்லை. "இங்கே பிரிப்பதே இல்லை மேஸ்திரி, வருடா வருடம் பெயிண்ட்தான்" என்கிறார்.

"சொல்லிட்டு வரக் கூடாதாப்பா?" என்று மட்டும் கேட்கிறார் மகன். குரலில் கோபம் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது.

"சத்தம் தாங்கலடா. டுமீல் டுமீல்னு."

மாலை ஐந்தரை மணிக்கு வாகன நிறுத்தத்துக்குப் போகும் கடைசிப் பேருந்துகளில் ஒன்று. குழந்தைகளின் முகத்தில் வெயிலின் கறுப்பு. வழிகாட்டி இல்லாததால் யாரும் எந்தப் பக்கமும் திரும்பவில்லை. தோட்டங்கள் தாமாகக் கடந்து போகின்றன. பெரியவர் திடீரென்று கேட்கிறார்:

"அங்க பரண் மேல என் பெட்டி இருக்கு. உளி, இழைப்புளி, வாள் எல்லாம். ரயில்ல ஏத்த விடுவானா?"

மகனுக்கு உடனே பதில் வரவில்லை. மருமகள்தான் முந்திக்கொள்கிறார். "பார்சல்ல போடலாம் மாமா."

"பார்சல்ல போட்டா தூக்கிப் போடுவான். இழைப்புளிக் கட்டை தெறிச்சிடும்."

"கார்ல போய் எடுத்துட்டு வந்துடலாம்பா" என்கிறார் மகன். சென்னைக்குக் காரில் போவதென்றால் ஒரு முழு நாள். அதை யாரும் குறிப்பிடவில்லை.

"வைக்க இடமிருக்கா?"

"பால்கனியில வைக்கலாம் மாமா."

"மழை படுமா?"

"படாது மாமா."

"படும் தாத்தா" என்கிறாள் பேத்தி, போனிலிருந்து தலையை நிமிர்த்தாமல். "போன மழைக்கு என் ஷூ முழுக்க நனைஞ்சது."

பெரியவர் சற்று யோசிக்கிறார். பால்கனியின் அகலத்தை இரண்டு கைகளாலும் காற்றில் அளந்து பார்க்கிறார்.

"அந்தப் பக்கம் ஒரு பலகை அடிச்சுக்கலாம்."