சாட்சிக் கையொப்பம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் உருக்காலைகளில் வடமாநிலத்தார் பலர் ஒப்பந்ததாரரின் கீழ் உழைக்கின்றனர். ஒப்பந்ததாரர் கூலி வழங்கும்போது ஆலையின் பிரதிநிதி உடனிருந்து சாட்சிக் கையொப்பமிட வேண்டும் என 1970-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. அவ்வாறு ஒப்பமிட்டோர் சிலர் ஞாயிறு திருப்பலியில் என்னருகே முழந்தாளிட்டவர்கள்.

புனித லொயோலா இஞ்ஞாசியார் அன்றாட ஆன்ம சோதனையை வலியுறுத்தினார். நாமோ அதில் சினத்தையும் தவறிய செபத்தையும் எண்ணுகிறோம். கூலிப் பதிவேட்டைப் புரட்டுவதில்லை. அது அலுவலக வேலையாம்! எண்ணிப் பாராத கூலிக்குச் சாட்சியிடுவது எட்டாம் கட்டளையைத் தொடாதா? உழைத்தவனுக்குக் கூலியில் இழைக்கும் அநீதியை, 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல், கொலையோடு சேர்த்து, விண்ணை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களுள் வைக்கிறது.

மறுத்தால் வேலை போய்விடுமே என்ற அவர்களது அச்சம் பொய்யன்று. ஆயினும் இரவில் தம்மைச் சோதிக்குமுன், பகலில் ஒரு தொழிலாளியிடமாவது, “கைக்கு எவ்வளவு வந்தது, தம்பி?” என்று கேட்டிருக்கலாம்.