குச்சிக்கிழங்கும் இஞ்சி டீயும்

போன வாரம் ஓபியில் ஒரு அம்மா பதறிப்போய் கேட்டாங்க: "சார், பையன் குச்சிக்கிழங்கு சாப்பிட்ட கையோட இஞ்சி டீ குடிச்சுட்டான். விஷமாயிடுமா?"

பையன் நல்லாத்தான் இருந்தான். ஆனா இந்தப் பயம் திருவண்ணாமலையில் நிறைய பேருக்கு உண்டு. அதனால விளக்கமா எழுதறேன் மக்களே.

விஷம் இஞ்சியில் இல்லை. சரியா வேகாத கிழங்கில் இருக்கு.

மரவள்ளியில் லினமரின் என்றொரு பொருள் உண்டு. கிழங்கை வெட்டும்போதும் மெல்லும்போதும் அது உடைந்து சயனைடு வெளிவரும். தோலிலும் கசப்பு ரகத்திலும் இது அதிகம்.

இந்தக் கிழங்கின் பூர்வீகம் தென் அமெரிக்கா. அமேசான் பகுதி மக்கள் கசப்புக் கிழங்கைத் துருவி, சாறு பிழிந்து, வறுத்துத்தான் சாப்பிட்டார்கள். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர்கள் அதை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டு போனார்கள்.

நம்ம பக்கம் இதைப் பரப்பியதில் பெரிய பங்கு திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாளுக்கு (1880-85). ஜனங்க விஷம்னு பயந்தப்போ, எப்படிச் சமைக்கணும்னு சொல்லிக்கொடுத்து, தானே சாப்பிட்டும் காட்டினார் என்பார்கள். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது திருவிதாங்கூரில் பல குடும்பங்களின் பசியை ஆற்றியது இந்தக் கிழங்குதான். அதே போர்க்காலத்தில்தான் சேலத்தில் ஜவ்வரிசித் தொழிலும் வேர்விட்டது.

பக்குவம் தவறினால் என்ன ஆகும்? 1981இல் மொசாம்பிக்கில் கடும் வறட்சி. பசியில் இருந்த மக்களுக்குக் கசப்புக் கிழங்கை நாள் கணக்கில் காயவைத்துப் பக்குவப்படுத்த நேரமில்லை. புரதச் சத்துள்ள வேறு சாப்பாடும் இல்லை. 1000 பேருக்கு மேல் கால் விறைத்து முடங்கியது. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அந்த நோய்க்குப் பெயர் கொன்சோ. வந்தால் முழுசா குணமாகாது.

நம்ம ஊர் கிழங்குக்கு இவ்வளவு பயம் வேண்டாம். ஆனா இதை மறக்காதீங்க:

• தோலை நல்லா உரிச்சிடுங்க.
• சின்னத் துண்டுகளா நறுக்கி, நிறையத் தண்ணீரில், மூடாமல் வேகவையுங்க.
• வெந்த தண்ணியைக் கண்டிப்பா கொட்டிடுங்க.
• கசந்தால் துப்பிடுங்க. பச்சையா யாரும் சாப்பிட வேண்டாம்.

சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி, தலைசுற்றல், மூச்சுத்திணறல் வந்தா கைவைத்தியம் பார்க்காதீங்க. 108க்குக் கூப்பிடுங்க. என்ன சாப்பிட்டீங்கன்னு டாக்டரிடம் மறக்காம சொல்லுங்க.

சுகர் உள்ளவங்களுக்கு ஒரு வார்த்தை. ஜவ்வரிசி தயாராகும்போதே விஷம் பெரும்பாலும் போயிடும். மிஞ்சுவது வெறும் மாவுச்சத்து. விரதம்னு சொல்லி ஜவ்வரிசிக் கஞ்சி குடிச்சா சுகர் ஏறத்தான் செய்யும்.

அந்த அம்மா கிளம்பும்போது கேட்டாங்க, "அப்போ இஞ்சி டீ குடிக்கலாமா சார்?"

தாராளமா குடிக்கலாம்மா. கிழங்கு வெந்த தண்ணியை மட்டும் கொட்டிடுங்க.