ஆடியிலும் நல்ல தண்ணீர் இருக்குமா?

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போகும் 750 இலக்க பஸ்ஸில் ஏறினால் கோப்பாய், நீர்வேலி, புத்தூர்ச் சந்தி, ஆவரங்கால் என்று தோட்டங்களும் வாழைகளும் கூடவே வந்துகொண்டிருக்கும். பிறகு திடீரென்று ஒன்றுமேயில்லாத பெருவெளி. அதுதான் வல்லை. பாலத்தின் இரு பக்கமும் நீரேரி. உப்புக் காற்று முகத்தில் அடிக்கும். அந்த வெளியைக் கடந்து நெல்லியடியில் இறங்கினால் சிறிது தூரத்தில் கரவெட்டி, என் அம்மாவின் ஊர்.

இந்தப் பங்குனியில் நான் அங்கு போனதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று அம்மாவைப் பார்ப்பது. மற்றது அங்குள்ள பெண்கள் சிறுசேமிப்புக் குழுவின் மாதக் கூட்டம். கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்பும்போது ஓர் அக்கா என்னருகே வந்தார். அவருடைய கணவர் 2009இல் வன்னியில் காணாமல் போனவர். இரண்டு பிள்ளைகளையும் தோட்டஞ் செய்தே படிப்பிக்கிறார்.

"பிள்ளை, இப்ப கிணறு நிறைஞ்சு கிடக்கு. சித்திரை கடைசியில வெங்காயம் நட்டால் ஆடி மட்டும் நல்ல தண்ணி தாங்குமோ? நம்பிக் கடன் எடுக்கலாமோ?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. சில வருடங்களுக்கு முன் இதே கேள்வியை வேறொரு சகோதரி கேட்டபோது, "மாரி ஓய்ந்துவிட்டது, நடுங்கோ அக்கா" என்று துணிந்து சொன்னேன். தையில் எதிர்பாராமல் பெய்த மழையில் அவருடைய வெங்காயம் முழுவதும் அழுகிப் போயிற்று. கடன் மட்டும் அழுகவில்லை. அவர் என்னை ஒருநாளும் குறை சொன்னதில்லை. அதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது.

நாங்கள் பேசுவதைக் கேட்டு மற்றப் பெண்களும் திரும்பி வந்து இருந்துவிட்டார்கள். "காலநிலை மாற்றம் எண்டு சொல்லுறது வெள்ளைக்காரரின்ர கதை. நாங்கள்தான் மெசின் போட்டு இறைச்சுக் கிணத்தைக் கெடுத்தது" என்றார் வயதான ஓர் அம்மா. "அப்ப ஐப்பசி மழை ஏன் கார்த்திகைக்குப் போகுது?" என்று இளம்பெண் ஒருத்தி கேட்டாள்.

இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. எங்கள் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளால் இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. அந்த நன்னீர்தான் எங்கள் கிணறு. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. அப்படியானால் மேலே ஓர் அடி குறைந்தால் கீழிருந்து உவர் எவ்வளவு ஏறும் என்று எண்ணிப் பாருங்கள். துலாவால் இறைத்த காலத்தில் கிணறு ஊறுவதற்கு நேரம் கிடைத்தது. மெசின் அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை. வயதான அம்மா சொன்னது இதைத்தான்.

இளம்பெண்ணின் கேள்விக்கும் விடை உண்டு. உலகை வெப்பமாக்கியது மனிதரின் செய்கையே, அதில் ஐயமில்லை என்று ஐ.நா.வின் காலநிலை விஞ்ஞானிகள் குழு 2021இல் அறிக்கையிட்டது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறது. சூடான கடல் புயலுக்குக் கூடுதல் ஈரத்தையும் கொடுக்கிறது. 2008 நவம்பரில் நிஷா, 2020 டிசம்பரில் புரெவி, 2024 நவம்பரில் ஃபெங்கல், 2025 நவம்பரில் டித்வா என்று நாங்கள் பெயர் சொல்லி நினைவு வைத்திருக்கும் வெள்ளங்கள் பல. ஒவ்வொரு புயலுக்கும் இதுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சில நாட்களில் கொட்டித் தீர்க்கும் மழை நிலத்துக்குள் இறங்குவதைவிட வாய்க்காலால் கடலுக்கு ஓடுவதே அதிகம். வெள்ளம் கண்ட வருடத்திலும் கோடையில் கிணறு உவர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த மண்ணில் முன்னரும் இதைப் பற்றி யோசித்தவர்கள் இருந்தார்கள். தொண்டைமானாற்றுத் தடுப்பணை, கடல்நீர் உள்ளே வராமலும் மழைநீர் வெளியே ஓடாமலும் தடுக்கக் கட்டப்பட்டது. 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற கனவை 1950களில் திட்டமாக வகுத்தவர் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம். போர் எல்லாவற்றையும் பின்தள்ளிவிட்டது. 2024 ஓகஸ்டில் வடமராட்சி கிழக்கின் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரைத் தரக்கூடியது. அது குடிப்பதற்கான நீர். அக்காவின் வெங்காயத்துக்கு அவருடைய கிணறுதான் கதி.

எனக்கு ஒரு கிணறு நினைவிருக்கிறது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அம்மாவின் வளவிலும் பல குடும்பங்கள் வந்து தங்கின. அப்போது நான் ஏழு வயதுப் பிள்ளை. மண்ணெண்ணெய்த் தடைக் காலம், மெசின்கள் மூலையில் கிடந்தன. ஒரு துலா, ஒரு வாளி. இன்னாருக்கு இத்தனை வாளி என்று பெண்களே பேசி முடிவெடுத்தார்கள். சண்டை வராமலில்லை. ஆனால் கிணறு வற்றவில்லை. முறை வைத்துப் பங்கிட்டால் எவ்வளவு தண்ணீர் போதும் என்பதை நான் அங்குதான் கண்டேன்.

கடன் விடயத்திலும் எங்களுக்குப் பட்டறிவு உண்டு. 2018இல், வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவிக்க வேண்டி வந்தது. மழை பொய்த்தால் முதலில் அடகுக்குப் போவது பெண்களின் தோடும் சங்கிலியும்தான்.

ஆகவே அன்று நான் 'நடுங்கோ' என்றும் சொல்லவில்லை, 'வேண்டாம்' என்றும் சொல்லவில்லை. எல்லோரும் கூடி இருந்து கணக்குப் பார்த்தோம். அக்காவின் நான்கு பரப்பில் ஒன்றரைப் பரப்பில் மட்டும் வெங்காயம். மிச்சத்தில் குறைந்த தண்ணீரில் வரும் பயறும் எள்ளும். கம்பனிக் கடன் இல்லை, குழுவின் சேமிப்பிலிருந்தே பணம். விடியற்காலையில் மட்டும் இறைப்பு. ஐப்பசிக்கு முன் ஒழுங்கையின் வெள்ளவாய்க்காலைத் துப்புரவாக்கி, தூர்ந்து கிடக்கும் கேணிக்குத் தண்ணீரைத் திருப்ப ஒரு சிரமதானம். "ஆர் பிணை நிற்கிறது?" என்று பொருளாளர் கேட்டார். நான் கையெழுத்திட்டேன். முன்பு சொல்லால் மட்டும் துணை நின்றேன். இம்முறை தவறினால் நட்டத்தில் எனக்கும் பங்கு உண்டு.

அன்றிரவு கனடாவிலிருந்து தம்பி பேசினான். "அக்கா, அங்க இனி என்ன இருக்கு? வளவை வித்துப்போட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ." வழக்கமாக நான் கோபிப்பேன். அன்று கோபம் வரவில்லை. அவன் பயப்படுவது நியாயம். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. இருபது வருடங்களின் பின் இந்தக் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியுமா என்று நித்திரை வராத இரவுகளில் நானும் யோசிப்பதுண்டு.

காலையில் அம்மா என்னை வேலியோரம் கூட்டிக்கொண்டு போனார். போன புரட்டாதியில் அவர் புதைத்த பனங்கொட்டைகளில் இரண்டொன்று குருத்துவிட்டிருந்தது. பனை காய்க்கப் பத்துப் பதினைந்து வருடங்களாவது செல்லும். அம்மாவுக்கு இப்போது எழுபது வயது.

"நான் நுங்கு குடிக்கவே போட்டனான்? வேலி பலமாய் நிக்கட்டும் எண்டுதான்" என்றார்.

சகோதரிகளே, எதிர்காலம் நன்றாக இருக்கும் என்று உங்களுக்கு உறுதி சொல்ல என்னால் முடியாது. நாங்கள் உறுதிமொழிகளை நிறையக் கேட்டவர்கள். வெப்பம் கூடினாலும், மழை தவறினாலும், பிழை எங்களுடைய மெசினில் இருந்தாலும் செய்யவேண்டிய வேலை ஒன்றுதான்: பெய்யும் மழையை நிலத்துக்குள் இறக்குவது, இறங்கியதை அளந்து எடுப்பது. என் சொந்த ஆசையும் அதற்குள் அடங்கிவிடுகிறது. அம்மாவின் வளவில், நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றின் பக்கத்தில் வாழ வேண்டும்.

பஸ்ஸுக்குப் புறப்படும்போது அக்கா தோட்டத்தில் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். "ஆடியில வந்து பாருங்கோ பிள்ளை" என்று மண்வெட்டியோடு கையசைத்தார். ஆடியில் போவேன். போனதும் முதலில் அவருடைய கிணற்றில் ஒரு வாய் தண்ணீர் அள்ளிக் குடித்துப் பார்ப்பேன்.